அஜிதாவுக்கு வருமானம் இல்லை

அந்தத் தாளில் நான்கே வரிகள் இருந்தன. விண்ணப்பதாரர் வீட்டில் இருக்கிறார். தனியாகத் தொழில் ஒன்றும் கிடையாது. கணவரின் சம்பளத்தில்தான் குடும்பம் நடக்கிறது. அக்கம்பக்கத்தில் மூன்று பேரிடம் விசாரித்து உறுதி செய்யப்பட்டது.

வங்கியின் கடன் பிரிவில் இருக்கும் சுஜா இதைத் தணிந்த குரலில் வாசித்து முடித்தாள். எதிரே உட்கார்ந்திருந்த அஜிதாவின் விரல்களில் மணப்பெண்ணின் முகத்துக்குப் போட்ட பவுண்டேஷன் அப்போதும் ஒட்டியிருந்தது. விடியும் முன்பே எழுந்து கருங்கல் என்ற ஊருக்குப் போய், ஒரு கல்யாணப் பெண்ணுக்குத் தலை பின்னிப் பூ வைத்து, சேலை கட்டி, நகை பூட்டி, மேடையில் ஏற்றிவிட்டு, மேக்கப் பெட்டியோடு நேரே வங்கிக்கு வந்திருந்தாள். அப்படி வந்தவளுக்குத்தான் தொழில் கிடையாதாம்.

கோபம் வந்தால் சிலருக்கு வாய் நீளும், சிலருக்குக் கை நீளும். அஜிதாவுக்குக் காது இரண்டும் சூடாகும். அன்றைக்கு அந்தக் குளிரூட்டிய அறையிலும் அவளுக்குக் காது எரிந்தது.

இந்த அஜிதா யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும், அந்தத் தாளில் அது இல்லை. புதுக்கடையிலிருந்து தேங்காய்ப்பட்டணம் போகிற வழியில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறாள். வயது முப்பத்தேழு. அவளுடைய அப்பா சைக்கிள், பைக்குக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர். பிளஸ் டூ முடித்ததும் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். கணவன் சுயம்புராஜ் குழித்துறையில் ஒரு பெயிண்ட் கடையில் வேலை பார்க்கிறான். மகள் நந்தனா பிறந்த பிறகு, கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு மார்த்தாண்டத்தில் ஆறு மாதம் பியூட்டிஷியன் கோர்ஸ் படித்தாள். முதலில் அவள் அலங்கரித்த பெண் கொடுத்தது எண்ணூறு ரூபாய். இன்றைக்கு ஒரு முகூர்த்தத்துக்குப் பதினைந்தாயிரத்துக்குக் குறைந்து அவள் பெட்டியைத் தூக்குவதில்லை. வருஷத்துக்கு ஐம்பத்தைந்து, அறுபது கல்யாணம். கூட இரண்டு பெண்கள் தினக்கூலிக்கு வருகிறார்கள். விளவங்கோடு, கிள்ளியூர் வட்டாரத்தில் பாதி வீடுகளின் சுவரில் மாட்டியிருக்கிற கல்யாணப் படத்தில் இருப்பது அவள் கைவேலை.

அந்த வாடகை வீட்டின் முன்னறைதான் அவளுடைய கடை. பெரிய கண்ணாடி, சுற்றிலும் பல்பு, சேலை மடிக்க நீளமான மேசை. வீட்டின் சொந்தக்காரி நேசபாய் டீச்சர் மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார். இந்த வருஷம் விற்றுவிடப் போவதாகச் சொன்னவர், முதலில் அஜிதாவைத்தான் கேட்டார். இருபத்தாறு லட்சம். அஜிதா இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் எழுதினாள். ஐப்பசி பிறக்கும் முன் பத்திரம் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் அட்வான்ஸும் போகும், வீடும் போகும். அதை இடித்துக் குடோன் கட்ட ஒருவன் இருபத்தொன்பது லட்சத்தோடு காத்துக்கொண்டிருந்தான். சீட்டுப் போட்டுச் சேர்த்தது போக அவளுக்குப் பதினெட்டு லட்சம் கடன் வேண்டியிருந்தது. ஆவணி முடியப் போகிறது. இருப்பது ஒரு மாதம்.

சம்பளம் வாங்குகிறவனுக்கு வங்கி கதவைத் திறந்து வைத்திருக்கும். மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கொண்டுபோனால் உட்காரச் சொல்லும். தன் கையால் சம்பாதிக்கிறவளிடம் ஆறு மாத வங்கிக் கணக்கைக் கேட்கும். அந்த ஆறு மாதம் எது என்று பாருங்கள். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. மார்ச்சில் கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம், சர்ச்சில் கல்யாணம் கிடையாது. பங்குனியில் இந்துக்களில் பாதிப் பேர் தேதி வைக்க மாட்டார்கள். ஆடியில் ஒருவரும் வைக்க மாட்டார்கள். அதே நேரத்தில் களியக்காவிளைக்கு அப்புறம் கேரளத்தில் கர்க்கடக மாதம், அங்கேயும் மேளம் இல்லை. தையிலும் மாசியிலும் அவள் தூங்காமல் ஓடியது அந்த ஆறு மாதக் கணக்கில் வராது. இந்த மூன்று பஞ்சாங்கத்தையும் மனப்பாடமாக வைத்திருக்கிறவள் அதை விளக்கினாள். சிஸ்டம் ஆறு மாதம்தான் எடுக்கும் என்றார்கள்.

அந்த ஆறு மாதத்திலும் வந்த பணம் முழுவதும் கணக்கில் இல்லை. அட்வான்ஸ் இரண்டாயிரம் போனில் வரும். மீதி, தாலி கட்டி முடிந்ததும், பெண்ணின் தாய்மாமனோ சித்தப்பாவோ கவரில் வைத்துக் கொடுப்பார்கள். எண்ணிப் பார்க்கக் கூடாது, அது மரியாதை இல்லை. கவரை வாங்கி, பெண்ணின் தலையில் கை வைத்து வாழ்த்திவிட்டு வர வேண்டும். ரசீது கேட்டால் அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். கவர் பணத்திலிருந்து கூலி கொடுத்து, நாகர்கோவிலில் சாமான் வாங்கி, மிச்சத்தைச் சீட்டில் கட்டிவிடுவாள். இதுதான் இந்த ஊரின் நடைமுறை. இதில் அவள் செய்த குற்றம் என்ன என்று யாராவது சொன்னால் தேவலை.

அஜிதா தாளிலிருந்து கண்ணை எடுத்து சுஜாவைப் பார்த்தாள். நான்கு வருஷத்துக்கு முன், இதே முகத்துக்குத்தான் அவள் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்தாள். மூக்கின் ஓரத்தில் இருந்த பருத்தழும்பை மறைத்தது அவளுக்கு நினைவிருந்தது.

"சுஜா, ஒனக்க கல்யாணத்துக்கு நீ எனக்கு எவ்வளவு தந்த?"

சுஜா பக்கத்து மேசையைப் பார்த்தாள். "பன்னெண்டாயிரம் அக்கா."

"எதுல தந்த?"

"மாமா கவர்ல வச்சுத் தந்தாவ."

"அப்ப எனக்கு வருமானம் இல்லேண்ணு எழுதின தாள ஒனக்கு எப்பிடி வாசிக்க முடிஞ்சு?"

சுஜா கெட்டவள் இல்லை. அவளுக்கும் முகம் சிவந்துவிட்டது. தனக்குத் தெரிந்ததைத் தன்னால் எழுத முடியாது, விசாரணைக்குப் போகிறவர் எழுதிக்கொண்டு வருவதைத்தான் மேலே அனுப்ப முடியும் என்று மெதுவாகச் சொன்னாள். ஒன்று செய்யலாம். இன்னொரு முறை விசாரணைக்கு அனுப்பச் சொல்லி எழுதலாம். ஒரே ஒரு முறை. அதே ஆள்தான் வருவார். அன்றைக்குக் கணவரும் வீட்டில் இருக்க வேண்டும், அவரும் கூட்டு விண்ணப்பதாரர். அதற்கு மேல் தன் கையில் ஒன்றும் இல்லை என்றாள்.

அஜிதா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். மூன்று பேர் என்று எழுதியிருந்தானே, அந்த மூன்று பேரையும் இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று வந்தாள். முதல் ஆள் யாரென்று தெரியும். வீட்டுக்கு எதிரே பலசரக்குக் கடை வைத்திருக்கும் வைகுண்டராஜன். புதிதாக எவன் வந்து வழி கேட்டாலும் அவர் கடையில்தான் கேட்பான்.

அவர் அவளைப் பார்த்ததும் தராசைக் கீழே வைத்துவிட்டு, காரியம் முடித்தவரின் சந்தோஷத்தோடு சிரித்தார். ஒருவன் ஃபைலோடு பைக்கில் வந்ததையும், தான் அவனுக்கு ஒரு சோடா உடைத்துக் கொடுத்ததையும் சொன்னார். அஜிதா வீட்டைப் பற்றி அவன் துருவித் துருவிக் கேட்டானாம். தான் ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லையாம்.

"நீ ஒண்ணும் பேடிக்காண்டாம் மக்கா. பாவப்பட்ட குடும்பம், அவ எப்பவாவது ஒரு சேல கட்டிவிடப் போவா, அவ்வளவு தான்ணு சொல்லிட்டேன். எனக்குக் கண்ணீரு மட்டும் தான் வரல. ஒனக்க ஆயிரம் ரூவாய எவனும் நிறுத்த மாட்டான்."

அஜிதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பெண்களுக்கு அரசாங்கம் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்க ஆரம்பித்தபோது, இரண்டு வருஷத்துக்கு முன், வீடு வீடாக விசாரணைக்கு வருவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. தெருவில் ஒருத்தியும் தன் வருமானத்தைச் சரியாகச் சொல்லவில்லை. அஜிதாவும் சொல்லவில்லை. அது போதாதென்று, வைகுண்டராஜனிடமும், பக்கத்து வீட்டு உலகம்மாளிடமும், கோடி வீட்டு பகவதியிடமும் அவளே போய்ச் சொல்லி வைத்தாள். ஃபைல் எடுத்துக்கொண்டு எவன் வந்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள் என்றாள். அவர்கள் மறக்கவில்லை. வீட்டுக்கடனுக்கு விசாரிக்க ஆள் வரும் என்று அவளும் சொல்லவில்லை. கடன் கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், கண்ணு பட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். உலகம்மாள் ஒரு படி மேலே போய், ரேஷன் அரிசிதான் பொங்குகிறார்கள் என்று சொல்லியிருந்தாள்.

யாரைத் திட்டுவது. திட்டத்தான் வந்தாள். வைகுண்டராஜன் அன்பாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். ஆயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டுத் தன்னை ஒன்றுமில்லாதவள் என்று ஊருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது அவள்தான். அவளுக்குத் தன் கன்னத்திலேயே இரண்டு போட வேண்டும் போலிருந்தது.

ஆனால் யோசிக்க யோசிக்க, அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக எடுபட்டதன் காரணமும் அவளுக்குத் தெரிந்தது. அந்தத் தெரு ஏற்கெனவே அதை நம்பிக்கொண்டிருந்தது. சுயம்புராஜ்தான் வீட்டை நடத்துகிறான், அவள் பொழுது போகாமல் சேலை கட்டிவிடப் போகிறாள் என்பதுதான் பேச்சு. அவனுக்குச் சம்பளம் பதினைந்தாயிரம். அது யாருக்கும் தெரியாது. மீன்காரிக்குக் கொடுக்கிற காசைக்கூட அஜிதா அவன் கையில் கொடுத்துத்தான் கொடுக்க வைப்பாள். சொந்தக்காரர் கல்யாணத்தில் மொய் அவன் பெயரில். கோயில் திருவிழா வரி அவன் பெயரில். நாலு பேர் முன்னால் அவனுக்குக் குறைவு வரக் கூடாதென்று பதினோரு வருஷம் அவள் ஓடி ஓடிச் சம்பாதித்து, ஓடி ஓடி மறைத்திருக்கிறாள். மறைத்ததெல்லாம் இப்போது நான்கு வரியாக வங்கியில் கிடக்கிறது.

மறுநாள் சாயங்காலம் வைகுண்டராஜன் கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். உலகம்மாள் இருந்தாள், பகவதி இருந்தாள், பால் வாங்க வந்தவர்கள் இருந்தார்கள். அஜிதா ரோட்டைக் கடந்து போய் நடுவில் நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. நான் வருஷம் அறுபது கல்யாணம் செய்யுதேன். செலவு போக எனக்க கையில ஆறு லட்சம் நிக்கும். இந்த வீட்ட வாங்க லோனு கேட்டிருக்கேன். ஆயிரம் ரூவாய வேண்டாம்ணு எழுதிக் குடுக்கப் போறேன். இனிமே ஃபைல் எடுத்துட்டு ஆரு வந்து கேட்டாலும் இத தான் சொல்லணும்."

 அந்தத் தெருவில் நோயைச் சொல்வார்கள், கடனைச் சொல்வார்கள், மகன் குடிப்பதைக்கூடச் சொல்வார்கள். வருமானத்தை மட்டும் சொல்வதில்லை. சொன்னால் சீட்டுக்காரன் வருவான், கைமாற்று கேட்டுச் சொந்தக்காரன் வருவான், திருவிழாக் கமிட்டி வசூல் நோட்டை நீட்டும். உலகம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எல்லாருடைய கண்ணும் அவளைத் தாண்டிப் பின்னால் போயிற்று. சுயம்புராஜ் ஸ்கூட்டரை நிறுத்தி ஒரு காலை ஊன்றியபடி நின்றுகொண்டிருந்தான்.

வீட்டுக்குள் வந்ததும் அவன் வெடித்தான். நாலு பேர் முன்னால் தன்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள் என்றான். நாளைக்கு எந்த முகத்தோடு அந்தக் கடைக்குப் போய்ப் பீடி வாங்குவது என்று கேட்டான். அஜிதா மேசையில் சேலை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பு கோணிப் போனதால் உதறிவிட்டு மறுபடி மடித்தாள்.

"நிங்களப் பத்தி நான் ஒரு வார்த்த சொன்னேனா? எனக்க வருமானத்த தான் சொன்னேன். எனக்கது சொன்னா நிங்களுக்கது தெரியுதுண்ணா, அதுக்கு நான் என்ன செய்ய?"

அவன் சாப்பிடாமல் படுத்தான். அடுத்த ஐந்து நாளும் மகள் நந்தனா வழியாகத்தான் பேச்சு. அம்மைட்ட கேளு, அப்பாட்ட சொல்லு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை இரண்டு பேருக்கும் நடுவில் போய்வந்து அலுத்துப்போனாள். அஜிதா இறங்கிப் போகவில்லை. அவள் கேட்டது வீடு. தன் பணத்தில், தன் உழைப்பில் ஒரு வீடு. அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க அவளுக்கு மனம் இல்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை ஆள் வந்தான். பிரைட்டன் என்று பெயர். முப்பது வயது இருக்கும். வங்கியில் வேலை இல்லை அவனுக்கு. ஏதோ ஏஜென்சிக்காக, ஃபைலுக்கு நூற்றைம்பது ரூபாய் என்று ஓடுகிறவன். அவனும் ஒரு வீட்டுக்கடன் கேட்டால், இதே போல இன்னொருவன் பைக்கில் வந்து இல்லை என்று எழுதிவிட்டுப் போவான். அது அவனுக்கே தோன்றாதது ஆச்சரியம்தான்.

அவன் நேரே கடைக்குப் போனான். வைகுண்டராஜன் இந்த முறை தயாராக இருந்தார். போன தடவை குறைத்துச் சொல்லிக் காரியம் கெட்டது, இந்தத் தடவை கூட்டிச் சொல்லிச் சரிசெய்ய வேண்டும் என்பது அவர் கணக்கு. மாதம் இரண்டு லட்சம் வரும், கூடுதலும் இருக்கும், வெளியே சொல்ல மாட்டாள் என்றார். உலகம்மாள் கார் புக் செய்திருப்பதாகச் சொன்னாள். ரேஷன் அரிசி பொங்கிய வீட்டில் பத்து நாளில் கார் வந்துவிட்டது.

பிரைட்டன் வீட்டு வாசலுக்கு வந்தபோது அவனுக்கும் கோபம். கடைக்காரரும் உலகம்மாளும் பகவதியும் பின்னாலேயே வந்து நின்றார்கள். அன்றைக்கு ஒன்றும் இல்லை என்றவர்கள் இன்றைக்கு இரண்டு லட்சம் என்கிறார்கள், எதை எழுதுவது என்று கேட்டான். அஜிதா தன் கல்யாண டைரியை எடுத்து நீட்டினாள். தேதி, பெண்ணின் பெயர், மண்டபம், போன் நம்பர், தொகை. அறுபது பெயர். அவன் புரட்டிப் பார்த்துவிட்டு, இது நிங்களே எழுதினது அக்கா என்று திருப்பிக் கொடுத்தான். தகவல் முரண்படுகிறது என்று எழுதப் போவதாகச் சொன்னான். அப்படி எழுதினால் ஃபைல் மூடிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். 

பேனாவைத் திறந்தவன், கதவோரம் நின்ற சுயம்புராஜைப் பார்த்தான். சம்பளச் சீட்டு உள்ளவர் நிங்கதானே என்றான். நிங்க ஒரு கணக்குச் சொல்லுங்க, அதை எழுதிவிட்டுப் போகிறேன் என்றான்.

சுயம்புராஜ் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தான். வாசலில் மூன்று பேர் நிற்கிறார்கள். அஜிதா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுவது போலாகும் என்று டைரியின் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பதினஞ்சாயிரம்," என்றான் அவன். "அதுல பெட்ரோலு போனா பன்னெண்டு. வாடக அவ குடுக்குதா. பிள்ளைக்க பீஸு, எனக்க அம்மைக்க மருந்து, அந்த ஸ்கூட்டரு, இந்த சட்ட, எல்லாம் அவளுக்க பைசா. வருஷம் ஆறு லட்சம் அவ சொன்னது சரி. பதினோரு வருஷமா வீட்ட நடத்துதது அவ தான். எழுதிக்கிடுங்க."

பிரைட்டன் எழுதினான். சுயம்புராஜிடம் கையெழுத்து வாங்கினான். டைரியைக் கேட்டு வாங்கி நாலைந்து பக்கம் படம் எடுத்துக்கொண்டான். வைகுண்டராஜன் தரையைப் பார்த்தபடி கடைக்குத் திரும்பினார். உலகம்மாளுக்கும் பகவதிக்கும் திடீரென்று அடுப்பு நினைவு வந்துவிட்டது.

கடன் பதினாறரை லட்சம் கிடைத்தது. வட்டி, சம்பளக்காரனுக்குப் போடுவதை விட முக்கால் சதவீதம் அதிகம். குறைந்ததற்கு அவள் தன் வளையலை அடகு வைத்தாள். ஐப்பசி பிறக்க நான்கு நாள் இருக்கும்போது பத்திரம் முடிந்தது. அதெல்லாம் பிறகு நடந்தது. வீட்டை நினைக்கும்போது அவளுக்கு முதலில் நினைவு வருவது அந்த வியாழக்கிழமை, பிரைட்டனின் பைக் போன பிறகு நடந்ததுதான்.

தெருவில் ஆள் ஒழிந்துவிட்டது. சுயம்புராஜ் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். பெரிய பாரத்தை இறக்கி வைத்தவன் போல அவன் முகம் லேசாக இருந்தது. அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தான் போலிருக்கிறது. அஜிதாவுக்குக் காது இரண்டும் தீயாக எரிந்தது. வங்கியில் அந்தத் தாளைக் கேட்டபோதுகூட அவளுக்கு இவ்வளவு கோபம் வரவில்லை.

"இவ்வளவும் நிங்களுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள். "மருந்து வரைக்கும், சட்ட வரைக்கும். இத மொதல்ல சொல்லியிருந்தா நான் ரோட்டுல போய் நிக்கணுமா?"

"ஆரும் எனக்கிட்ட கேட்டதில்லியே," என்றான் அவன்.

"நான் கேட்டேன். ஸ்கூட்டரு வாங்கின அண்ணைக்கு, நிங்களுக்க அண்ணன் வந்து பாத்துட்டு நீ மிடுக்கன்ணு சொன்னப்ப, அவ பைசாண்ணு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணு கேட்டேன். அம்மைக்க ஆப்பரேஷனுக்கு, ஆஸ்பத்திரில வச்சு கேட்டேன். வருஷா வருஷம் கேட்டேன். இண்ணைக்கு பைக்குல வந்தவன் ஒரு தடவ கேட்டான், சொல்லிட்டிய."